பங்களாவுக்குப் படம், லயத்துக்கு அளவு

இலங்கையில் கட்டடக்கலையை ஒரு வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பு 1961இல்தான் வந்தது. அந்த வகுப்புக்கு முதல் மாணவர்கள் போய்ச் சேரும் முன்னமே நம்ம லயங்களில் பெரும்பாலானவை கட்டி முடிஞ்சு, கூரைத் தகரமும் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது.

ஒரு பல்கலைக்கழகத் துறையின் வரலாற்றைச் சொல்ல வந்துட்டு ஏன் லயத்தில் ஆரம்பிக்கிறீங்கன்னு கேட்கலாம். கேகாலை, இரத்தினபுரி தோட்டங்களில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில், வீடு என்றால் என்ன, அதில் வாழப்போறவர் யார், காற்று எங்கிருந்து வரும் என்று ஐந்து வருடம் உட்கார்ந்து யோசிக்கிற ஒரு இடம். இன்னொரு பக்கத்தில், அந்த மூன்று கேள்வியையும் யாரும் கேட்காமலே கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான காம்பராக்கள். இந்த இரண்டும் எங்கே சந்தித்தன, எங்கே சந்திக்காமல் போயின என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் தேடிப் பார்க்கிறோம்.

பம்பாய்க்கும் லண்டனுக்கும் போனவர்கள்

1961க்கு முன்னாடி இந்த நாட்டில் ஒருவர் கட்டடக் கலைஞர் ஆகணும்னா கப்பல் ஏறணும். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். இங்கே படிக்க இடமில்லாததால் அவர் பம்பாய்க்குப் போனார். 1942இல் காந்தி கைதானதை எதிர்த்த போராட்டத்தில் சேர்ந்ததற்காக சர் ஜே.ஜே. கல்லூரியில் இருந்து நீக்கப்பட்டார். பிறகு லண்டனில் உள்ள ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் படிப்பை முடித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண் அவர்தான்.

அந்த 1948ஐ நாம வேறொரு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம். இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த வருடம் அது. ஒரு இலங்கைப் பெண்ணுக்கு உலகின் கதவு திறந்த அதே வருடத்தில், தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சொந்த நாட்டின் கதவு மூடியது.

இந்த இரண்டு செய்தியையும் இணைக்கிற ஒரு ஆள் இருக்கிறார். மினெட்டின் தாய் ஆக்னஸ் டி சில்வா. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக அவர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேணுமா என்ற கேள்வி அங்கே வந்தது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்ற அர்த்தத்தில் தயங்காமல் பதில் சொன்னார். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. நம்ம பாட்டிமார்களை மனுஷிகளாகக் கணக்கில் எடுத்துப் பேசிய அந்த வீட்டில்தான் நாட்டின் முதல் பெண் கட்டடக் கலைஞர் வளர்ந்தார்.

மினெட் செய்த வேலைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது கண்டி வட்டபுலுவ வீடமைப்புத் திட்டம். 1950களின் பிற்பாதி, சுமார் 250 வீடுகள், அரசாங்க ஊழியர்களுக்காக. அவர் முதலில் படம் வரையவில்லை. குடிவரப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். உங்க குடும்பம் எவ்வளவு பெரிசு, எப்படிச் சமைப்பீங்க, எது முக்கியம், கையில் எவ்வளவு இருக்கு? சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பல சமூகத்தாரும் அதில் இருந்தார்கள். கிடைத்த பதில்களை வைத்துப் பலவகை வீடுகளை வரைந்தார். குடியிருப்பவரைக் கேட்டு வீடு வரைவது இன்றைக்குப் பெரிய கொள்கையாகப் பேசப்படுகிறது. கண்டியில் ஒரு பெண் அதை அறுபது வருடத்துக்கு முன்னமே செய்து காட்டிவிட்டார்.

பங்களாவுக்கு மட்டும் வந்த கட்டடக் கலைஞர்

ஜெஃப்ரி பாவாவின் பாதை வேறு. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பிறகு சட்டம். 1940களின் கடைசியில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய றப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் இன்றைக்கு எல்லாரும் போய்ப் பார்க்கிற லுணுகங்கை. அந்த நிலத்தைத் தோட்டமாக்கும் ஆசைதான் அவரைக் கட்டடக்கலைக்கு இழுத்தது. லண்டனில் அதே ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் படித்து 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. அதே வருடம்தான் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனமும் தொடங்கியது.

பாவா தோட்டங்களுக்கும் வந்திருக்கிறார். 1959இல் அப்கொட் ஸ்ட்ராத்ஸ்பே தேயிலைத் தோட்டத்தில் துரைக்கு ஒரு பங்களா. 1960களில் நிக்கவெரட்டியவுக்குப் பக்கத்தில் பொலொந்தலாவ தென்னந்தோட்டத்தில், பெரிய பாறைகளுக்கு நடுவே, டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னருடன் சேர்ந்து இன்னொரு பங்களா. பாறையை உடைக்காமல், அதையே சுவரின் பகுதியாக்கிக் கட்டிய அந்த வீட்டைக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் ஆர்வமாகப் படிக்கிறார்கள்.

பாவாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூப்பிட்டவர்கள் எதற்குக் கூப்பிட்டார்களோ அதைச் செய்தார். தோட்ட முகாமைக்கு ஒரு துரை வாழும் வீடு கட்டடக் கலைஞர் யோசிக்க வேண்டிய விஷயமாகத் தெரிந்தது. முந்நூறு பேர் வாழும் லயம் அப்படித் தெரியவில்லை. பங்களாவுக்குப் படம் வரைந்தார்கள். லயத்துக்கு அளவு மட்டும் சொன்னார்கள்.

அந்த அளவு நமக்கெல்லாம் மனப்பாடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஒரே நீளக் கூரை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை.

கட்டடக்கலை முதலாம் வருட மாணவரிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால் உடனே ஒன்றைக் கண்டுபிடிப்பார். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகணும். இரட்டை லயத்தில் மூன்று பக்கமும் பொதுச்சுவர், திறப்பு முன்பக்கம் மட்டும். உள்ளே விறகடுப்பு எரிந்தால் புகைக்குப் போக வழியே இல்லை. ஒரு சுவரை மிச்சம் பிடித்ததற்கு விலையாகப் போனது உள்ளே இருப்பவரின் மூச்சு. நீளமாக வரிசையில் கட்டியதற்கும் காரணம் இருந்தது. கூரைச் செலவு குறையும். காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிடவும், யார் வரவில்லை என்று கண்டுபிடிக்கவும் சுலபம். குடும்பங்களை எண்ணும் வசதிக்காகக் கட்டிய கட்டடம் அது. குடும்பம் வளரும் என்பதை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

கட்டுபெத்தையில் ஒரு பள்ளி

இனிப் பள்ளிக்கு வருவோம். மொறட்டுவை, கட்டுபெத்தையில் 1960இல் செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று தொடங்கியது. அடுத்த வருடம் அங்கே கட்டடக்கலைப் படிப்பு ஆரம்பமானது. தச்சு வேலைக்கும் தளபாடத்துக்கும் பேர்போன ஊர், பக்கத்திலேயே பொல்கொட ஏரி. கொஞ்ச காலத்தில் அந்தப் படிப்பு கொழும்பில் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. கட்டுபெத்தை நிறுவனம் 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகவும், 1972இல் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாகவும் ஆனது. அந்தச் சீர்திருத்தத்தோடு கட்டடக்கலையும் கட்டுபெத்தைக்கே திரும்பியது. 1978இல் வளாகம் மொறட்டுவைப் பல்கலைக்கழகமானது.

இதே வருடங்களில் நம்ம பக்கத்தில் என்ன நடந்தது? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. அதுவரை தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருந்த பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். நாட்டில் கட்டடக்கலைப் பட்டம் நிலைபெற்ற காலத்தில் தோட்டத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதே பெரிய காரியம். எல்லாருக்கும் பிரஜாவுரிமை என்ற கதை சட்டத்தில் முடிய 2003 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

1986இல் இன்னொரு வழியும் திறந்தது. கட்டடக் கலைஞர் நிறுவனமே கொழும்பில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பகலில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குக் கட்டணம் கட்டணும், கொழும்பில் தங்கணும்.

ஸ்டூடியோ என்கிற உலகம்

மற்றப் பீடங்களில் படிப்பவர்களுக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஸ்டூடியோதான். நாங்கள் கலைப்பீடத்தில் விரிவுரை கேட்டு, குறிப்பு எடுத்து, பரீட்சைக்கு முந்தின கிழமை குப்பி வகுப்பில் உட்கார்ந்து கரை சேர்கிறவர்கள். கட்டடக்கலையில் குப்பி போட்டுத் தப்பிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு செயற்றிட்டம். முதல் வருடத்தில் கோடு, வடிவம், வெளிச்சம், நிழல் என்று அடிப்படையில் தொடங்கி, பிறகு சின்ன வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வளரும். முந்தி மூன்று வருடத்தில் ஒரு பட்டம், அதன்மேல் இரண்டு வருடத்தில் முதுமாணி என்று இருந்தது. இப்போது ஐந்து வருடக் கட்டடக்கலைப் பட்டம்.

செயற்றிட்டம் முடியும் நாளுக்குப் பெயர் கிரிட். சுவரில் படங்களை ஒட்டி, மாதிரியை மேசையில் வைத்து, எல்லார் முன்னாடியும் நின்று விளக்கணும். விரிவுரையாளர்களும் வெளியிலிருந்து வரும் கட்டடக் கலைஞர்களும் கேள்வி கேட்பார்கள். இந்த ஜன்னல் ஏன் இங்கே? மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும்? கிழவி ஒருத்தி இந்தப் படியில் எப்படி ஏறுவாள்? மூன்று நாள் தூங்காமல் செய்த மாதிரியை ஒரு நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அங்கே அழுதவர்கள் உண்டு, சண்டைபோட்டவர்கள் உண்டு. ஆனால் 'ஏன்' என்று கேட்கப்படாமல் ஒரு சுவரும் நிற்கக்கூடாது என்ற பழக்கம் அங்கேதான் வருகிறது.

இன்னொரு பழக்கம் அளந்து வரைவது. பழைய வளவு, அம்பலம், விகாரை, தேவாலயம் என்று தேடிப்போய், நாடா பிடித்து ஒவ்வொரு தூணையும் அளந்து தாளில் கொண்டுவருவார்கள். 1960களில் பாவாவைச் சுற்றி இருந்த பார்பரா சன்சோனி, லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்றவர்கள் இப்படி நாட்டைச் சுற்றி வரைந்தவை இன்றும் பேசப்படுகின்றன. அளக்கும்போதுதான் ஒரு கட்டடம் எப்படி நிற்கிறது, யார் எந்த வாசலால் வந்தார்கள் என்பது தெரியும்.

இதுக்கெல்லாம் செலவும் இருக்கு. மாதிரி செய்யும் அட்டை, வெட்டும் கத்தி, பெரிய தாளில் பிரின்ட், நல்ல கணினி. 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பாருங்க. 1981இலிருந்து கொடுக்கப்படும் மஹாபொல உதவும், ஆனால் அது சாப்பாட்டுக்கும் போர்டிங்குக்கும் போய்விடும். மொழியும் சுமைதான். ஸ்டூடியோவில் ஆங்கிலம், கென்டீனில் சிங்களம், வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது தமிழ். கையால் அழகாக வரைகிற ஒரு பிள்ளை கிரிட்டில் வாய் திறக்க முடியாமல் நின்றால், குறைவது அவளுடைய மார்க் மட்டும் இல்லை.

வாசல் எங்கே அடைபடுகிறது

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கட்டடக்கலைக்குப் போக கணிதப் பிரிவில்தான் படிச்சிருக்கணும்னு இல்லை. சித்திரம், புவியியல் போன்ற உயர்தரப் பாடங்களும் அனுமதிக்குரிய பட்டியலில் வருகின்றன. அதோடு சாதாரண தரத்தில் கேட்கும் தேர்ச்சிகள் இருக்கணும், உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடையணும். பட்டியல் மாறக்கூடும், அதனால் அந்தந்த வருடக் கைநூலைப் பார்ப்பது கட்டாயம்.

அப்படியிருந்தும் நம்ம பிள்ளைகள் அங்கே ஏன் குறைவு? சப்ரகமுவையில் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. நுவரெலியா மாதிரி அடர்த்தியாக இல்லை. தமிழ்மொழியில் உயர்தரம் வரை போகும் பாடசாலை சிலருக்கு இரண்டு பஸ் தூரம். சித்திரம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பள்ளிகள் பல. உளச்சார்புப் பரீட்சை என்று ஒன்று இருப்பதைச் சொல்வதற்கே ஆள் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியின் பொது விதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. மாவட்டம் என்ற கணக்குக்குள் தோட்டம் தனியாகத் தெரிவதும் இல்லை. இரத்தினபுரி நகரத்தில் டியூஷனுக்கு மத்தியில் வளர்ந்த பிள்ளையும் இறக்குவானைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்றுதான் ஓடணும்.

அந்தப் பள்ளியில் நம்ம ஆள் இல்லாதது ஏன் முக்கியம்

டாக்டர், என்ஜினியர் வரிசையில் இன்னொரு பட்டம் வேணும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 2016 மே மாதத்தில் அரநாயக்கையில் மலை சரிந்த அதே நாட்களில், புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்து நம்ம ஆட்கள் இறந்தார்கள். நாட்டில் மண்சரிவு அபாயம் கூடிய மாவட்டங்களில் கேகாலையும் இரத்தினபுரியும் உண்டு. கட்டடக்கலை மாணவர் எந்தச் செயற்றிட்டத்திலும் முதலில் செய்வது நிலத்தைப் படிப்பது. தண்ணீர் எங்கே ஓடும், சரிவு எவ்வளவு, மண் என்ன மண்? லயத்துக்கு இடம் தெரிவு செய்தபோது பார்த்தது, தேயிலைக்கும் றப்பருக்கும் உதவாத துண்டு எது, வேலைத்தலத்துக்குக் கிட்ட எது என்பதைத்தான்.

இப்போது புது வீடுகள் வருகின்றன. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி. இந்தியாவின் உதவியில் முதலில் 4,000, பிறகு 2017இல் நோர்வூட்டில் அறிவித்த 10,000 என்று மலையகத்துக்கான திட்டங்கள். தனி வீடு, சொந்தக் காணி என்பது நம்ம அப்பா அம்மா தலைமுறை போராடிக் கேட்டது. அதன் மதிப்பு நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கு. நுவரெலியாவின் குளிருக்கும் கேகாலையின் புழுக்கத்துக்கும் ஒரே படம் எப்படிச் சரிவரும்?

வட்டபுலுவவில் கொடுத்த மாதிரி ஒரு கேள்வித்தாளை யட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிட்டவிலோ கொடுத்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவருக்கு வாளியும் கத்தியும், பால் பட்டுக் காய்ந்த உடுப்பும் வைக்க வீட்டுக்கு வெளியே ஒரு மூலை வேணும். வருடத்தில் பாதி மழை, விறகு நனையாமல் அடுக்க ஒரு இறக்கு வேணும். அடுப்பங்கரை பெரிசா இருக்கணும், புகைக்கு வழி இருக்கணும். சாமி மாடம் கிழக்குப் பார்க்கணும். கல்யாணமோ சாவோ வந்தால் ஐம்பது பேர் உட்கார முன்பக்கம் வேணும். படிக்கிற பிள்ளைக்கு லைட் உள்ள ஒரு மேசை வேணும். குளிக்கும் இடத்துக்குப் பெண்கள் இருட்டில் நடந்து போகக்கூடாது. இதில் ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை. எல்லாமே ஒரு கிரிட்டில் கேட்கப்படக்கூடிய சாதாரணக் கேள்விகள்தான். அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருக்கணும், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் நாம செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. பழைய லயங்கள் இடிக்கப்படுகின்றன. இடியட்டும். ஆனால் வளவையும் அம்பலத்தையும் அளந்து வரைந்த நாட்டில், நாலு ஐந்து தலைமுறை பிறந்து வளர்ந்த லயத்தை அளந்த தாள் நம்ம கையில் இல்லாமல் போகக்கூடாது. ஐந்து மீற்றர் நாடா ஒன்று, கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று, நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு தம்பியோ தங்கச்சியோ போதும். காம்பராவின் நீள அகலம், சுவரின் தடிப்பு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அடுப்பு எங்கே, யார் எங்கே படுக்கிறார்கள், எந்தத் தடுப்பை எந்த வருடம் யார் கட்டினார்கள் என்று குறியுங்க. பாட்டியிடம் கேட்டால் வருடக்கணக்கு துல்லியமாக வரும். மாமா கல்யாணத்துக்கு முந்தின வருடம் இறக்கிய இறக்கு எது என்று அவருக்குத் தெரியும்.

அளக்கும்போது உங்க வீட்டில் உயர்தரத்துக்குப் போகும் பிள்ளை யாராவது இருந்தால் அவரையும் கூப்பிடுங்க. கொப்பியை அவர் கையில் கொடுங்க. கோடு நேராக வந்தால், உளச்சார்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் எப்போது முடிகிறது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்க.